டிஜிட்டல் வானொலி: மிச்சம் யாருக்கு, செலவு யாருக்கு?

அனலாக் வானொலியை டிஜிட்டலாக மாற்றுவதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் ஒலிபரப்புக் கோபுரங்கள். மறுமுனையில் வீட்டிலும் கடையிலும் காரிலும் படகிலும் இருக்கும் பெட்டிகள். கோபுரங்களை எண்ணிவிடலாம், பெட்டிகளை எண்ணி மாளாது. மாற்றத்தால் வரும் மிச்சம் பெரும்பாலும் கோபுரத்தின் பக்கம் சேர்கிறது. செலவும் சிரமமும் பெட்டியின் பக்கம் விழுகின்றன. டிஜிட்டல் வானொலியின் குறைகளில் பலவும் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவையே.

இரு முறைகளும் இயங்கும் விதம்

அனலாக் முறையில் ஒலியின் ஏற்ற இறக்கம் அப்படியே வானொலி அலையின் மீது ஏற்றப்படுகிறது. மத்திய அலையில் அது அலையின் வீச்சை மாற்றுகிறது; பண்பலையில் அதிர்வெண்ணை மாற்றுகிறது. பெட்டி செய்ய வேண்டியது, ஏற்றியதை இறக்குவது மட்டும்தான். மத்திய அலைக்கு ஒரு கம்பிச் சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு டையோடு, காதில் வைக்கும் ஒரு கருவி, நீளமான ஒரு ஆண்டெனாக் கம்பி ஆகியவை போதும். பக்கத்தில் வலுவான நிலையம் இருந்தால் பேட்டரிகூட வேண்டாம். அலையின் ஆற்றலே ஒலியாகிவிடும்.

டிஜிட்டல் முறையில் ஒலி முதலில் எண்களாக மாறுகிறது. காது கவனிக்காது என்று கருதப்படும் பகுதிகளை நீக்கி அந்த எண்களைச் சுருக்குகிறார்கள். வழியில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள உதவும் கூடுதல் எண்களைச் சேர்க்கிறார்கள். பிறகு எல்லாவற்றையும் பல துணை அலைகளில் பரப்பி அனுப்புகிறார்கள். ஐரோப்பாவில் பரவிய டி.ஏ.பி. முறையில் 1.536 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கற்றைக்குள் 1,536 துணை அலைகள் இருக்கின்றன. ஒரே கற்றையில் பல நிலையங்கள் சேர்ந்து பயணிக்கும். இந்தத் தொகுப்புக்கு மல்டிப்ளெக்ஸ் என்று பெயர். நார்வே 1995 ஜூனிலும் பிபிசி அதே ஆண்டு செப்டம்பரிலும் இந்த ஒலிபரப்பைத் தொடங்கின. இந்திய ஆகாசவாணி தேர்ந்தெடுத்தது டி.ஆர்.எம். என்ற வேறு முறை. அமெரிக்காவில் எச்.டி. ரேடியோ என்ற முறை வழக்கில் உள்ளது.

டிஜிட்டலுக்கு ஆதரவான வாதங்களும் வலுவானவைதான். ஒரே அலைப்பரப்பில் கூடுதல் நிலையங்களுக்கு இடம் கிடைக்கிறது. ஒலிபரப்புக்கான மின்செலவு குறைகிறது. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் கரகரப்பே இல்லை. பாடலின் பெயரும் செய்தித் தலைப்பும் திரையில் ஓடுகின்றன. இந்த ஆதாயங்கள் உண்மையானவை. இவற்றுக்கு ஈடாகக் கொடுக்க வேண்டியிருப்பவை என்ன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பழைய பெட்டி ஒரே நாளில் பயனற்றுப்போவது

கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியிலிருந்து வண்ணத்துக்கு மாறியபோது பழைய பெட்டிகள் வீணாகவில்லை. வண்ண ஒளிபரப்பைக் கறுப்பு வெள்ளையில் காட்டின. ஸ்டீரியோ பண்பலை வந்தபோதும் மோனோ பெட்டிகள் தொடர்ந்து பாடின. அந்த மாற்றங்களை வடிவமைத்த பொறியாளர்கள் பழைய பெட்டிக்கும் வழிவிட்டே புதியதைக் கட்டினார்கள். அனலாகை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்குப் போகும்போது அந்த வழி அடைபடுகிறது. நேற்றுவரை பாடிய பெட்டி மறுநாள் இரைச்சலை மட்டுமே தரும்.

ஒரு வீட்டில் வானொலி ஒன்றோடு நிற்பதில்லை. சமையலறையில் ஒன்று, படுக்கையருகே அலாரத்துடன் ஒன்று, காரில் ஒன்று, தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு அருகில் ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். தொலைக்காட்சி டிஜிட்டலானபோது பழைய பெட்டியோடு ஒரு செட்டாப் பாக்ஸை இணைத்தால் போதுமாக இருந்தது. கையடக்க வானொலிக்கு அப்படி ஒரு துணைப்பெட்டி நடைமுறைக்கு ஒத்துவராது. காரின் நிலை இன்னும் சிக்கலானது. டேஷ்போர்டுக்குள் பொருத்தப்பட்ட கருவியை எடுத்து மாற்றுவது கடினம். தனி அடாப்டரும் கண்ணாடியில் ஒட்டும் ஆண்டெனாவும் வாங்கிப் பொருத்த வேண்டும். கழித்துக்கட்டப்படும் பெட்டிகள் மின்னணுக் குப்பையாகக் குவிவது தனிச் செலவு.

கரகரப்பு இல்லை, ஆனால் திடீர் மௌனம்

அனலாக் சிக்னல் படிப்படியாகவே பலவீனமாகிறது. நிலையத்திலிருந்து தொலைவு கூடக் கூட இரைச்சல் கூடும், பேச்சு மங்கும், ஆனால் சொல் புரியும். பாதிச் சொல் காதில் விழுந்தால் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். கேட்பவரும் ஆண்டெனாவை நீட்டிப் பார்ப்பார், பெட்டியைத் திருப்பி வைப்பார், ஜன்னலோரம் கொண்டுபோவார். ஒவ்வொரு அசைவுக்கும் ஒலியில் வேறுபாடு தெரியும். எந்தத் திசை நல்லது என்பதைக் காதே சொல்லிவிடும்.

டிஜிட்டலில் நிலைமை வேறு. பிழைகள் குறைவாக இருக்கும்வரை திருத்தும் எண்கள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். ஒலியில் ஒரு குறையும் தெரியாது. பிழைகள் ஓர் அளவைத் தாண்டியதும் திருத்தம் கைவிட்டுவிடும். அந்த எல்லையில் சில நொடிகள் நீர் கொப்பளிப்பதுபோல ஒலி குமுறும்; பிறகு அறவே நின்றுபோகும். நன்றாகக் கேட்பதற்கும் எதுவுமே கேட்காததற்கும் இடைப்பட்ட நிலை மிகவும் குறுகியது. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினால் ஒலி திரும்பும் என்பதற்குக் காதுக்குக் குறிப்பும் கிடைப்பதில்லை.

இதனால் சிக்னல் எட்டும் பகுதியைக் காட்டும் வரைபடங்களும் ஏமாற்றக்கூடியவை ஆகின்றன. வரைபடத்தில் விளிம்பில் இருக்கும் கிராமம் பண்பலையில் சற்றுக் கரகரப்போடு கேட்டுக்கொண்டிருந்திருக்கும். டிஜிட்டலில் அங்குள்ள ஒரு வீட்டின் ஒரு அறையில் கேட்கும், அடுத்த அறையில் கேட்காது. டி.ஏ.பி. இயங்குவது 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். பண்பலை 108 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. அதிர்வெண் கூடும்போது மலைக்குப் பின்னாலும் கான்கிரீட் சுவருக்கு உள்ளேயும் அலை புகுவது பொதுவாகக் கடினமாகும். அதே பரப்பை நிரப்பக் கூடுதல் கோபுரங்கள் வேண்டியிருக்கலாம். அப்போது முதலில் விடுபடுவது மலைப்பகுதியும் மக்கள் நெருக்கம் குறைந்த ஊர்களும்தான்.

தரமா, எண்ணிக்கையா

தெளிவான ஒலி என்பது டிஜிட்டல் வானொலிக்குச் சொல்லப்பட்ட முதல் விளம்பரம். ஆனால் ஒரு மல்டிப்ளெக்ஸின் கொள்ளளவு வரம்புக்குட்பட்டது. முதல் டி.ஏ.பி. முறையில் அது நொடிக்குச் சுமார் 1,150 கிலோபிட். இதை ஐந்தாறு நிலையங்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் நன்றாக ஒலிக்கும். பத்துப் பன்னிரண்டு நிலையங்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் சுருங்கும். ஒரே பேருந்தில் இன்னும் நாலு பேரை ஏற்றுவதுபோலத்தான்: கட்டணம் கூடுதலாக வரும், உட்கார இடம் இருக்காது.

பிரிட்டனில் நடந்தது இதுதான். பல வணிக நிலையங்கள் குறைந்த பிட் வேகத்தில், சில மோனோவிலும், ஒலிபரப்பின. செவ்வியல் இசைக்கான பிபிசி ரேடியோ 3-இன் வேகத்தை 2006-இல் 192 கிலோபிட்டிலிருந்து 160-ஆகக் குறைத்தபோது நேயர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். நல்ல சிக்னல் கிடைத்த இடத்தில் பண்பலை ஸ்டீரியோவே மேல் என்று இசை நேயர் பலர் கருதினார்கள். டிஜிட்டலின் தரம் தொழில்நுட்பத்தால் மட்டும் முடிவாவதில்லை. மல்டிப்ளெக்ஸை நடத்துபவரின் வரவு செலவுக் கணக்கும் அதை முடிவு செய்கிறது.

தாமதமும் மின்செலவும்

எண்களாக்கி, சுருக்கி, கலைத்து அடுக்கி, மறுபடி பிரித்தெடுக்கும் வேலைக்கு நேரம் பிடிக்கிறது. டிஜிட்டல் ஒலி சில நொடிகள் பிந்தியே வருகிறது. மணிக்கு ஒருமுறை ஒலிக்கும் நேரச் சமிக்ஞையைக் கொண்டு கைக்கடிகாரத்தைத் திருத்த முடியாது. சேப்பாக்கம் மைதானத்தில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து வர்ணனை கேட்டுக்கொண்டே ஆட்டம் பார்ப்பவருக்கு இந்தத் தாமதம் உடனே தெரியும்: விக்கெட் விழுந்து, அரங்கம் ஆர்ப்பரிக்கும்போதும் வர்ணனையாளர் பந்துவீச்சாளர் ஓடி வருவதைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இரண்டு வெவ்வேறு டிஜிட்டல் பெட்டிகள் பாடினால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் எதிரொலிக்கவும் கூடும். நிலையத்தை மாற்றும்போதும் உடனே ஒலி வராது. கற்றையைப் பிடித்துப் பிரித்தெடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஓயாது கணக்குப் போடும் சில்லுக்கு மின்சாரம் அதிகம் தேவை. இரண்டு சிறு செல்களில் ஒரு பண்பலைப் பெட்டி நாள்கணக்கில் பாடும். டிஜிட்டல் பெட்டிகள், குறிப்பாகத் தொடக்ககால மாதிரிகள், அதே செல்களை வெகு விரைவில் தீர்த்துவிட்டன. பின்னால் வந்த சில்லுகள் இதைக் குறைத்தாலும் பழைய எளிய பெட்டியின் சிக்கனத்தை எட்டவில்லை. பழுதுபார்ப்பும் கடினமாகிறது. அனலாக் பெட்டியைத் திறந்தால் ஃபெரைட் கம்பி, காயில், கேங் கண்டென்சர், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். எது போனதோ அதைக் கழற்றி, ஈயம் பற்றவைத்து வேறொன்றை வைத்துவிடலாம். டிஜிட்டல் பெட்டியில் எல்லாம் ஒரே சில்லுக்குள் அடங்கிவிட்டன. தெருமுனைப் பழுதுபார்ப்புக் கடைக்காரருக்கு அங்கே செய்ய அதிகம் இல்லை.

சிறு நிலையங்களின் நிலை

பண்பலையில் ஒரு நிலையம் தொடங்க உரிமம், ஒரு ஒலிபரப்பி, ஒரு ஆண்டெனாக் கோபுரம் போதும். இந்தியாவின் சமுதாய வானொலி இந்த எளிமையில்தான் வளர்ந்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிலையம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. பாம்பனில் இயங்கும் கடல் ஓசை 90.4, மீனவருக்காகவே அமைந்த நிலையம். ஐம்பது வாட் திறனுள்ள ஒலிபரப்பியால் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பேச முடிகிறது. அந்த நிலையத்துக்கும் அதைக் கேட்பவருக்கும் நடுவே வேறொரு நிறுவனம் இல்லை.

மல்டிப்ளெக்ஸ் முறையில் அந்த இடைவெளியில் ஒருவர் வந்து நிற்கிறார். நிலையம் தன் நிகழ்ச்சியை மல்டிப்ளெக்ஸ் நடத்துபவரிடம் கொடுத்து, இடத்துக்கு வாடகை செலுத்த வேண்டும். ஒரு நகரத்துக்கு மட்டும் பேசும் நிலையம், தனக்குத் தேவையில்லாத மாவட்டம் முழுமைக்குமான ஒலிபரப்புக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேரிடும். இந்தக் குறையைத் தீர்க்கப் பிரிட்டன் பின்னால் சிறு பரப்பு மல்டிப்ளெக்ஸ் உரிமங்களைத் தனியே வழங்க வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. மல்டிப்ளெக்ஸ் கருவி பழுதானால் அதிலுள்ள அத்தனை நிலையங்களும் ஒரே சமயத்தில் அடங்கிவிடும்.

பேரிடர் நாளில்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கு அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாதபோது செல்போன் கோபுரங்களும் ஓய்ந்துவிடும். அத்தகைய நாளில் வானொலியின் பயன் அதன் எளிமையில் இருக்கிறது: தொலைவில் உள்ள ஒரு மத்திய அலைக் கோபுரம் இயங்கினால் போதும், இரண்டு செல் போட்ட ஒரு பெட்டி ஒரு தெருவுக்கே செய்தி சொல்லும். மத்திய அலை நிலப்பரப்பை ஒட்டித் தவழ்ந்து செல்வதால் கடலுக்குள் வெகுதூரம் எட்டும். உப்புநீர் அதற்கு நல்ல பாதை.

டிஜிட்டல் வானொலியிலும் பேரிடர் எச்சரிக்கை வசதிகள் உண்டு. பெட்டியைத் தானாக எச்சரிக்கை நிலையத்துக்கு மாற்றும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அவை பயன்பட முதலில் அந்தப் பெட்டி கையில் இருக்க வேண்டும், அதன் பேட்டரி தாங்க வேண்டும், சிக்னல் அந்தக் குறுகிய எல்லைக்கு மேலே நிற்க வேண்டும். கரகரப்புக்கு நடுவே வரும் எச்சரிக்கை காதில் விழும். வராத எச்சரிக்கையை யாரும் கேட்க முடியாது.

தரநிலைகளின் குழப்பம்

பண்பலைப் பெட்டி ஒன்றைச் சென்னையில் வாங்கி உலகின் பெரும்பாலான நாடுகளில் பயன்படுத்தலாம். டிஜிட்டலில் ஒவ்வொரு வட்டாரமும் ஒவ்வொரு வழி சென்றது. ஐரோப்பிய டி.ஏ.பி. பெட்டி அமெரிக்காவில் பேசாது, அமெரிக்க எச்.டி. ரேடியோ இந்தியாவின் டி.ஆர்.எம். ஒலிபரப்பைப் புரிந்துகொள்ளாது. ஒரே தரநிலைக்குள்ளும் தலைமுறை மாறுகிறது. 2007-இல் வந்த டி.ஏ.பி. பிளஸ் மேம்பட்ட சுருக்க முறையைக் கொண்டது. ஆனால் அதற்கு முன் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை அதைப் பிடிக்கவில்லை. எதிர்காலத்துக்கென்று முதலில் வாங்கியவரே முதலில் ஏமாந்தார். கனடா, பின்லாந்து, போர்ச்சுகல், ஹாங்காங் ஆகியவை டி.ஏ.பி. ஒலிபரப்பைத் தொடங்கிப் பின்னர் நிறுத்தின. அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2021-இல் தன் டி.ஏ.பி. சேவையை முடித்துக்கொண்டது.

அமெரிக்க மத்திய அலையில் வேறொரு சிக்கல் எழுந்தது. அனலாக் அலையின் இரு பக்கமும் டிஜிட்டல் எண்களை ஏற்றும் முறை, அருகிலுள்ள அலைவரிசைகளில் இரைச்சலைக் கூட்டியது. இரவில் மத்திய அலை வானடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் செல்வதால் இந்த இடையூறு தொலைவிலுள்ள நிலையங்களையும் எட்டியது. மத்திய அலையில் டிஜிட்டலைத் தொடங்கிய பல நிலையங்கள் அதை நிறுத்திக்கொண்டன.

நார்வே: ஒரு முழுமையான சோதனை

நாடு தழுவிய பண்பலை ஒலிபரப்பை முதலில் நிறுத்திய நாடு நார்வே. 2011-இல் அரசு நிபந்தனைகளை வகுத்தது: பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.யின் டிஜிட்டல் சிக்னல் அதன் முதன்மைப் பண்பலைச் சேவைக்கு இணையாகப் பரவ வேண்டும். நேயர்களில் பாதிப்பேர் நாள்தோறும் டிஜிட்டலில் கேட்க வேண்டும். 2017 ஜனவரி 11 அன்று காலை 11 மணி 11 நிமிடத்துக்கு நூர்லாந்து மாகாணத்தில் நிறுத்தம் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் வடகோடி மாகாணங்களில் முடிந்தது.

அங்கே அரசின் கணக்கு தெளிவாக இருந்தது. மலைகளுக்கு இடையே நீளும் கடற்கால்வாய்களும் சிதறிய குடியிருப்புகளும் கொண்ட நாட்டில் ஒரு நிலையத்தைப் பண்பலையில் ஒலிபரப்புவதற்கு டி.ஏ.பி.யைப் போல எட்டு மடங்கு செலவாகிறது என்று கணிக்கப்பட்டது. ஐந்து தேசிய நிலையங்களுக்கு மட்டுமே இடம் இருந்த இடத்தில் 20-க்கும் மேற்பட்டவற்றுக்கு இடம் கிடைத்தது. மக்களின் கணக்கு வேறு. நிறுத்தத்துக்குச் சற்று முன்பு நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை எதிர்த்தனர். சுமார் 20 லட்சம் கார்களில் டி.ஏ.பி. வசதி இல்லை என்று எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினர். ஒரு கார் அடாப்டரின் விலை ஆயிரம் குரோனரைத் தாண்டியது. நிறுத்தத்துக்குப் பிறகு நாள்தோறும் வானொலி கேட்போர் எண்ணிக்கை குறைந்தது. உள்ளூர் நிலையங்களில் பல பண்பலையிலேயே தொடர அனுமதிக்கப்பட்டன. தேசிய நிலையங்கள் டிஜிட்டலிலும் உள்ளூர் நிலையங்கள் பண்பலையிலும் என்று நேயர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றார்.

அண்டை நாடான சுவீடன் 2015-இல் பண்பலை நிறுத்தத் திட்டத்தைக் கைவிட்டது. பிரிட்டனில் 2018-இல் கேட்கும் நேரத்தில் பாதிக்கு மேல் டிஜிட்டலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் 2021-இல் வெளியான ஆய்வு, குறைந்தது 2030 வரை பண்பலை தொடர வேண்டும் என்று சொன்னது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31 அன்று பண்பலையை விட்டது. அதன் நேயர்கள் கணிசமாகக் குறைந்தனர். பண்பலை தொடர வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றம்வரை சென்றது.

இந்தியாவில்

ஆகாசவாணி, சென்னை உட்பட நாடு முழுவதும் 30-க்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை டி.ஆர்.எம். முறைக்கு ஏற்றவையாக நிறுவியது. கோபுரத்தின் பக்கம் வேலை முடிந்தது. பெட்டியின் பக்கம் தொடங்கவே இல்லை என்று சொல்லலாம். எளிய பண்பலைப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சந்தையில் டி.ஆர்.எம். பெட்டி பல ஆயிரம் ரூபாய்க்கு வந்தது. அதுவும் எல்லாக் கடையிலும் இல்லை. சில நிறுவனங்களின் கார்களில் மட்டும் அது சேர்ந்தது. இடைக்காலத்தில் அனலாகும் டிஜிட்டலும் பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளில் சேர்ந்தே ஒலித்தன. இப்படி இரண்டையும் ஒன்றாக அனுப்பும்போது ஒலிபரப்பியின் திறன் பங்கிடப்படுகிறது. மிச்சமாகும் என்ற மின்சாரமும் அலைப்பரப்பும் உண்மையில் மிச்சமாவதில்லை. அனலாகை முழுதாக நிறுத்தும் நாள்வரை இந்த இரட்டைச் செலவு தொடரும். பெட்டிகள் பரவாமல் அந்த நாளைக் குறிக்கவும் முடியாது. பெட்டி இல்லை என்பதால் நிகழ்ச்சிக்கு முதலீடு இல்லை. நிகழ்ச்சி இல்லை என்பதால் பெட்டி விற்பனை இல்லை. பல நாடுகளில் டிஜிட்டல் வானொலி இந்தச் சுழலில்தான் சிக்கியது.

2025 அக்டோபரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் தனியாரின் புதிய நிலையங்கள் அனலாகோடு டிஜிட்டலையும் சேர்த்து ஒலிபரப்ப வேண்டும் என்றும் நாட்டுக்கு ஒரே தரநிலை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பழையதை நிறுத்தாமல் புதியதைச் சேர்ப்பது பிற நாடுகளின் பாடத்தோடு ஒத்துப்போகிறது. செல்போன்களில் ஏற்கெனவே இருக்கும் பண்பலை வசதியை முடக்கக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசு உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியதும் அதே திசையிலான முடிவுதான்.

குறைகள் தீரும் வழி

மேற்சொன்ன குறைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மின்செலவு, பெட்டியின் விலை, சுருக்க முறையின் தரம் ஆகியவை காலப்போக்கில் மேம்படக்கூடியவை. சிக்னல் திடீரென அறுந்துபோவது, ஒலி பிந்தி வருவது, மல்டிப்ளெக்ஸில் பல நிலையங்கள் ஒன்றையே நம்பியிருப்பது ஆகியவை முறையின் இயல்பிலேயே இருப்பவை. கூடுதல் கோபுரமும் கூடுதல் கொள்ளளவும் கொடுத்துத் தணிக்கலாம், போக்க முடியாது. பழைய பெட்டிகளை வீணாக்குவது மட்டும் தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல. அனலாகை எப்போது நிறுத்துவது என்பது அரசின் முடிவு.

எனவே மாற்றத்தைத் திட்டமிடும் நாடு சில அளவுகோல்களை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பரப்பில் கோபுரம் நிற்கிறது என்பதைவிட எத்தனை வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் சிக்னல் உண்மையில் கேட்கிறது என்பதை அளக்க வேண்டும். விற்கப்படும் ஒவ்வொரு புதிய பெட்டியும் பண்பலையையும் டிஜிட்டலையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். ஒலிபரப்பு நிறுவனத்துக்கு மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு, பெட்டி வாங்க வசதியில்லாத நேயருக்குப் போக வேண்டும். சமுதாய வானொலி நிலையங்களுக்கு மல்டிப்ளெக்ஸ் வாடகையின்றித் தனி அலைவரிசை நீடிக்க வேண்டும். புயலும் வெள்ளமும் வரும் கடலோரங்களில் குறைந்தது ஒரு அனலாக் நிலையமாவது எப்போதும் இயங்க வேண்டும். இவை நிறைவேறும்வரை டிஜிட்டல் வானொலி அனலாகோடு சேர்ந்து இயங்கும் கூடுதல் சேவையாக இருப்பதே பொருத்தம்.